கடைசித் தட்டு

காசு கொடுத்துத் தூங்குகிற காலம் வந்துவிட்டது என்றால், இந்த ஜனங்களுக்கு இனி எதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது. வீட்டில் பாய் இருக்கிறது, தலையணை இருக்கிறது, மேலே ஃபேன் ஓடுகிறது. அதையெல்லாம் விட்டுவிட்டு வரிசையில் நின்று, செருப்பைக் கழற்றிப் போட்டு, முன்பின் தெரியாதவன் புரண்டு எழுந்த மெத்தையில் போய்ப் படுக்கிறார்கள். எழுந்து வெளியே வந்ததும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துச் சிரிக்கிறார்கள். என்ன சிரிப்பு என்று கேட்டால் அதற்கும் சிரிப்பு. பக்கத்து வீட்டில் இழவு விழுந்தால் எட்டிப் பார்க்க நேரம் இல்லாதவர்களுக்குக் கூட்டமாய்ப் படுத்துக் கனவு காண மட்டும் நேரம் இருக்கிறது.

பிச்சைக்கனி இப்படித்தான் முனகிக்கொண்டு நிற்பார். தூத்துக்குடியில் உப்பு மூட்டை அடுக்கிவைக்கிற பழைய கிட்டங்கி ஒன்றை இடித்துவிட்டுக் கட்டிய கனவுக் கொட்டகை அது. வாசலில் வேப்பமர நிழல். அவர் கையில் மனைவியின் ஊன்றுகோல். உள்ளே கம்பு கொண்டுபோகக் கூடாதாம், தூக்கத்தில் யாராவது உருண்டு விழுந்தால் குத்திவிடுமாம். ஆகவே வெயிலுகந்தாள் சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போவாள், அவர் கம்பைப் பிடித்துக்கொண்டு வெளியே நிற்பார். ஆயுசு முழுக்க உப்பளத்தில் வாரிப் போட்ட கை. சும்மா நிற்கிற வேலை அந்தக் கைக்குப் பிடிக்காது. பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்த்ததோடு சரி என்பதால் எழுதிவைத்திருந்த அறிவிப்பையும் அவர் நம்பவில்லை, வாயால் சொன்னவனையும் நம்பவில்லை.

அவருக்குப் புரிந்த மட்டில் விஷயம் இவ்வளவுதான். ஈரத்துணி போல ஒரு பட்டையை நெற்றியில் கட்டுவார்கள். விளக்கு மங்கும். படுத்திருக்கிற அத்தனை பேரும் ஒரே படத்துக்குள் இறங்கிவிடுவார்கள். பார்ப்பது இல்லை, இறங்குவது. படத்தில் இருக்கிற உருவங்களில் ஏதோ ஒன்று ஆளுக்கு ஒன்றாய் வந்து ஒட்டிக்கொள்ளும். படம் முடிகிற வரைக்கும் அதுவாகவே ஓடியாடிவிட்டு எழுந்து வரவேண்டியது.

மத்தியான ஆட்டத்துக்குப் பழைய கார்ட்டூன் படம் போடுவார்கள். வெள்ளைக்காரன் தேசத்தில் எந்தக் காலத்திலோ வரைந்தது. அடிப்பதும் விழுவதும் நசுங்குவதும் எழுந்து ஓடுவதும்தான் கதை. ஒரு பங்களா, அதில் ஒரு சமையல்கட்டு. வீட்டுக்காரத் துரை தலையில் உயரமான வெள்ளைத் தொப்பி, கையில் வெள்ளை உறை, முகம் சுண்ணாம்பு. சமையல்காரன் ஆளா அடுப்புக்கரியா என்று சொல்ல முடியாத கறுப்பு. வாய் ரெண்டு இட்லியை ஒட்டவைத்தது போல, கண் ரெண்டும் கொட்டாங்கச்சி. துரைக்குச் சாப்பாடு பிடிக்காது. தட்டுத் தட்டாய் எடுத்து எறிவான். சமையல்காரன் வாங்குவான். படத்தில் அவர்களுக்கு என்ன பேரோ, ஊர்க்காரர்கள் வைத்த பேர் வெள்ளைத் தொப்பி, கரிச்சட்டி.

முதல் நாள் வெளியே வந்தபோது வெயிலுகந்தாளின் முகம் கடலில் முங்கி எழுந்தவள் முகம் போல இருந்தது. அவர் கம்பை நீட்டினார். அதை வாங்க மறந்துபோய் ரெண்டு எட்டு நடந்தாள். பிறகுதான் முழங்காலுக்கு ஞாபகம் வந்தது போலும், மரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

வழியெல்லாம் பேச்சு. கல்லுருளை ஒன்று மேலே ஏறி அப்பளமாய்த் தட்டையாகிவிட்டாளாம். காற்று தூக்கிக்கொண்டுபோய்க் கொடியில் போட்டதாம். யாரோ எடுத்து உதறியதும் பழையபடி ஆளாகி நின்றாளாம். வலிக்கவில்லையா என்று கேட்டார். வலி என்கிற சாமானே அங்கே கிடையாது என்றாள். சுவரில் ஏறி ஓடினாளாம், மேல்தளத்தில் தலைகீழாய் நடந்தாளாம். இந்த முழங்காலோடா என்றார். அங்கே முழங்கால் எங்கே இருக்கிறது, கால் ரெண்டும் ரப்பர் குழாய் அல்லவா என்றாள்.

அவர் நடையை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

“நீ யாரா இருந்த?”

“கரிச்சட்டியா.”

“உங்கூட வந்தவளுவ?”

“நம்ம அளத்துப் பொம்பளைய எல்லாருமே கரிச்சட்டிதான். மீன்காரியும்தான். ஆளு கூடக் கூட அந்த அடுக்களை நீண்டுக்கிட்டே போவுதுங்க. கண்ணுக்கு எட்டுன மட்டும் அடுக்களை. பாக்க அவ்வளவு நல்லா இருக்கு.”

வெள்ளைத் தொப்பியாய் யார் வந்தார்கள் என்று அவளிடம் கிண்டிக் கேட்டுத் தெரிந்துகொண்டார். நகைக்கடைக்கார அம்மா, வங்கி மேனேஜர், டாக்டரம்மா. வெயிலில் காய்ந்து கறுத்த உடம்பு. அதைப் பார்த்து வெளியில் காட்டுகிற இளக்காரம் போதாதென்று, தூக்கத்திலும் துரத்தி வந்து தட்டை எறிகிறானா. அன்றைக்குக் குழம்பில் உப்பும் கூடிப்போயிருந்தது. உப்பளத்துக்காரன் வீட்டிலேயே உப்புக் கூடினால் எவனுக்குத்தான் கோபம் வராது. சாப்பாட்டுத் தட்டைத் தூக்கி எறிந்தார். அது சுவரில் மோதி, தரையில் வட்டமடித்து, சத்தம் அடங்கி நின்றது. அந்த வீட்டில் அது எப்போதும் நடப்பதுதான். அதை யாரும் பெரிசாய் எடுத்துக்கொள்வதில்லை.

அடுத்த வாரமும் போனாள், அதற்கடுத்த வாரமும் போனாள். போகாதே என்று சொல்லிப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அவர் சொல்லி அவள் கேட்காத முதல் காரியம் அதுவாகத்தான் இருக்கும். கேட்டுக்கொண்டு, தலையைச் சீவி, பூ வைத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள்.

பிறகு ஒரு காலை. வெயிலுகந்தாள் கீழே உட்கார்ந்து முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அவள் தலைக்கு மேலே ஆணியில் தொங்கிய குடையை எடுக்க அவர் கையைத் தூக்கினார். அவள் சடக்கென்று குனிந்து இடது கையைத் தலைக்கு மேல் வைத்துக்கொண்டாள். அரிசி சிந்தியது.

குடைதானே எடுக்கிறேன் என்றார். ஆமா, குடைதான் என்று சொல்லிவிட்டுச் சிந்தின அரிசியைப் பொறுக்கினாள்.

அதற்குப் பிறகு அவர் கவனிக்க ஆரம்பித்தார். துண்டை உதறினால் குனிகிறாள். கொசு அடிக்கக் கை தூக்கினால் குனிகிறாள். அவருக்கு ஐயமே இல்லை. கொட்டகைக்காரன் செய்த வேலை. தட்டை எறிந்து எறிந்து பொம்பளைக்குப் பயம் பிடிக்க வைத்துவிட்டான். டீக்கடையில் போய்ச் சொன்னார். அங்கே இன்னும் நாலு பேர் தங்கள் வீட்டிலும் அதே கதைதான் என்றார்கள். கறுத்தவனுக்கு மட்டும் கரிச்சட்டி எப்படி வருகிறது என்று ஒருத்தன் கேட்டான். அந்தக் கேள்வி தெருத் தெருவாய்ப் போயிற்று. உப்பளத்துச் சங்கத்தார் கொடியோடு வந்தார்கள். கொட்டகை வாசலில் கூட்டம் கூடியபோது முன்னால் நின்று சத்தம் போட்டவர் பிச்சைக்கனிதான். ஊரே அவரை அன்றைக்கு ஒரு ஆளாய்ப் பார்த்தது. அது அவருக்கு நன்றாய்த்தான் இருந்தது.

கொட்டகையை நடத்திய கம்பெனி பயந்துவிட்டது. ரெஜினா என்கிற பெண் வந்து கூட்டத்தின் முன் நின்று மன்னிப்புக் கேட்டாள். மிஷினைக் கட்டியவர்களில் அவளும் ஒருத்தி, இந்த ஊர்க்காரிதான், திரேஸ்புரத்தில் வலை பின்னுகிற வீட்டுப் பெண். நிறமும் அந்த வீட்டு நிறம். படத்தை முழுக்க மாற்றி வரைந்துவிடுகிறோம் என்று வாக்குக் கொடுத்தாள். கரிச்சட்டி என்கிற உருவமே இனி இருக்காது. கறுப்பாய் ஒரு அம்மா இருப்பார், லட்சணமாய், கைத்தறிச் சேலையில். அவரை ஒருத்தரும் அடிக்கமாட்டார்கள். எறிகிற தட்டுகள் எல்லாம் பஞ்சாய் இருக்கும். ஜனங்கள் கை தட்டினார்கள். பிச்சைக்கனி தட்டவில்லை. இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொள்கிறவர்கள் எதையோ மறைக்கிறார்கள் என்பது அவர் கட்சி.

புதுப் படம் வந்தது. வெயிலுகந்தாள் போனாள். வெளியே வந்தபோது கம்பை அவளே கை நீட்டி வாங்கிக்கொண்டாள்.

வீடு வந்து சேருகிற வரை வாயைத் திறக்கவில்லை. அவர் விடாமல் கேட்டதால் திண்ணென்று ஒரு இடத்தில் உட்கார்ந்து சொன்னாள். அவளை ஒரு மாமரத்தடியில் நிறுத்திவைத்திருந்தார்களாம். நல்ல மரம், நல்ல நிழல், நல்ல சேலை. எல்லாரும் தூரத்தில் நின்று கும்பிட்டார்களாம். அடுக்களைச் சத்தம் எங்கேயோ கேட்டுக்கொண்டிருந்ததாம், ஆனால் அந்தப் பக்கம் போகக் கால் வரவில்லையாம்.

“சிரிச்சிக்கிட்டே நிக்க வச்சிட்டாவ. கல்யாண வீட்டுல போட்டோ புடிக்க நிறுத்துவாவல்லா, அந்த மாரி. படம் முடியுத மட்டும் நின்னேன்.”

“மரியாதையா நிறுத்திருக்கான்லா.”

“ஆமா, மரியாதைதான்” என்றாள்.

அதற்குப் பிறகு அவள் கொட்டகைக்குப் போகவில்லை. ஜன்னல் பக்கம் காலை நீட்டி உட்கார்ந்து, வெளியே எதையோ பார்த்துக்கொண்டிருப்பாள். சமையலில் உப்பு சரியாய் இருந்தது. பேச்சு குறைந்தது. அவர் ஒரு நாள் பரணில் இருந்த பெட்டியை எடுக்கக் கையைத் தூக்கினார். அவள் குனிந்தாள். அதே இடது கை, அதே தலை.

தட்டு எறிகிற படம்தான் போய்விட்டதே. இன்னும் எதற்குக் குனிகிறாள்? மாத்திரையை நிறுத்திய பிறகும் அதன் விஷம் உடம்பில் தங்குவது போல ஏதோ தங்கிவிட்டது என்று முடிவு பண்ணினார். அவளையும் கூட்டிக்கொண்டு, ஆட்டம் இல்லாத ஒரு மத்தியானம், நேரே ரெஜினாவிடம் போனார். என் பெண்டாட்டியைக் கெடுத்துவிட்டாய், பழையபடி ஆக்கிக் கொடு என்றார்.

ரெஜினா அவரை உட்காரச் சொன்னாள். அவர் உட்காரவில்லை. வெயிலுகந்தாள் உட்கார்ந்தாள்.

“ஐயா, இங்கேருந்து ஒடம்புல ஒண்ணும் ஒட்டிக்கிட்டு வெளிய போவாது. நாங்க எத்தனையோ தடவ பாத்துட்டோம். குனியுறது இங்க கத்துக்கிட்டது இல்ல. உள்ள வாறவங்க கொண்டு வாறது.”

“நெறத்தப் பாத்து ஆள் பிரிக்கதும் நாங்க கொண்டு வாறதுதானோ?”

“மிஷினுக்குக் கறுப்பு செவப்பு தெரியாதுய்யா. அதுக்கு நாங்க கண்ணே வைக்கல. நீங்க கண்ண மூடுன பெறகுதான அது வேலையே ஆரம்பிக்குது. தூக்கத்துல நீங்க உங்கள யாருன்னு நெனைக்கியளோ, அதத்தான் எடுத்து மாட்டிவிடும். ஒரு கோயில் குருக்கள் வந்தாரு, எலுமிச்சம்பழ நெறம். அவருக்குக் கரிச்சட்டிதான் வந்துச்சு. எந்திச்சதும் பட்டையத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு.”

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் குரலைத் தணித்துச் சொன்னாள்.

“எனக்கு என்ன வந்துச்சு தெரியுமா? வெளிநாடு போயிப் படிச்சிட்டு வந்து இதக் கட்டுனவ நான். எனக்கும் கரிச்சட்டிதான். மொத நாளு கை கழுவுற எடத்துல போயி நின்னு அழுதேன்.”

“அப்பம் மிஷின மாத்தாம படத்த ஏன் மாத்துன?”

“நெனப்ப மாத்த எங்களுக்குத் தெரியாதுய்யா. படத்த மாத்தத்தான் தெரியும்.”

படித்த பிள்ளை, வழுக்குகிறாள் என்று நினைத்துக்கொண்டார். குருக்கள் கதை கட்டுக்கதை. கை கழுவுகிற இடத்தில் அழுதது அதைவிடப் பெரிய கதை. பந்தயம் போல ஒன்றைச் சொன்னார். பழைய படத்தை எனக்குப் போட்டுக் காட்டு. எனக்குக் கரிச்சட்டி வந்தால் உன் மிஷினுக்குக் கண் இருக்கிறது என்று அர்த்தம், நாளைக்கே சங்கத்தைக் கூட்டி இந்தக் கொட்டகையைப் பூட்டவைப்பேன். ரெஜினா யோசித்தாள். பழைய படம் இன்னும் அழிக்கப்படவில்லை, ஆனால் போடக் கூடாது என்று மேலிடத்து உத்தரவு.

வெயிலுகந்தாள் நிமிர்ந்து ரெஜினாவைப் பார்த்தாள்.

“போடு பிள்ள. நானும் கூடப் படுக்கேன். இவருக்குக் கரிச்சட்டி வரலன்னா, கேக்கவங்களுக்குப் பழைய படத்தையும் வச்சிரு. அந்த மாமரத்தடியில என்னால நிக்க முடியாது.”

அவள் எதையும் கேட்டு அவர் பார்த்ததில்லை. சேலை கேட்டதில்லை, தோடு கேட்டதில்லை. இதைக் கேட்கிறாளே என்று ஆச்சரியமாய் இருந்தது. ரெஜினா கதவைச் சாத்தினாள்.

மெத்தை குளிர்ச்சியாய் இருந்தது. பட்டை நெற்றியில் பட்டதும் மாதுளைத் தோல் போல ஒரு வாசனை. தூங்கமாட்டேன் என்று வைராக்கியமாய்க் கண்ணைத் திறந்து வைத்திருந்தார். திறந்த கண்ணுக்கு முன்னாலேயே கூரை தளர்ந்தது, பாலில் ஆடை விலகுவது போல விலகியது, அவர் மெதுவாய், எடையே இல்லாமல், கீழே இறங்கினார்.

எங்கு பார்த்தாலும் சமையல்கட்டு. சுவர்கள் மூச்சு விட்டன. அடுப்புகள் பூப் பூவாய் எரிந்தன, சூடு இல்லை. தூரத்தில் யாரோ வாத்தியம் வாசித்தார்கள், அந்த வாசிப்புக்குத் தக்கபடி மேசை கால் மாற்றி நின்றது, கடிகாரம் இடுப்பை ஆட்டியது. அவருக்கு உடம்பு வலி இல்லை, மூச்சு இரைப்பு இல்லை. உப்பு அரித்த விரல் இடுக்குகள் எரியவில்லை. குனிந்து கையைப் பார்த்தார்.

வெள்ளை உறை.

தலை கனத்தது. தொட்டுப் பார்த்தார். தொப்பி வான்வரைக்கும் போயிற்று.

பக்கத்தில் தட்டுகள் அடுக்கியிருந்தன. நிலவை அறுத்து அறுத்து அடுக்கியது போல மேலே, மேலே, கண் போகிற மட்டும். கை தானாய்ப் போய் ஒன்றை எடுத்தது. என்ன லகுவாய் வந்தது. இந்தக் கைக்கு இது ஏற்கெனவே தெரிந்த வேலை போல வந்தது.

சமையல்கட்டின் அந்தக் கோடியில் கரிச்சட்டி நின்றது. இட்லி வாய், கொட்டாங்கச்சிக் கண். நிற்கிற நிற்பில் ஆள் அடையாளம் தெரியவில்லை. தட்டு அவர் கையை விட்டுக் கிளம்புவதற்கு முன்னாலேயே அது சடக்கென்று குனிந்து இடது கையைத் தலைக்கு மேல் வைத்துக்கொண்டது. அப்போது தெரிந்துவிட்டது.

தட்டு மிதந்து போய் அதன் மேல் பட்டு, மணி அடித்து, குருவிகளாய்ச் சிதறியது. கரிச்சட்டி துருத்தியாய்ச் சுருங்கியது, விரிந்தது, எழுந்து நாக்கை நீட்டியது. அடுத்த தட்டு. அது சுவரில் ஏறி ஓடியது, கூரையில் தலைகீழாய் ஓடியது, ரப்பர்க் கால்கள் தாளம் போட்டன. நிறுத்தலாம் என்று அவர் நினைத்தார். அங்கே நினைப்புக்கு வேலை இல்லை. கை எறிந்துகொண்டே இருந்தது. எறிய எறியச் சுகமாய் இருந்தது, அதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை. அடிவாங்கி அடிவாங்கி அது எழுந்தது. ஒவ்வொரு தரம் எழும்போதும் கொஞ்சம் வளர்ந்தது.

கடைசியில் அவர் கை அடுக்கின் அடியில் இருந்த கடைசித் தட்டைப் பிடித்து இழுத்தது. வாத்தியம் நின்றது. கரிச்சட்டி ஓட்டத்தை நிறுத்திவிட்டு, தரையில் சம்மணம் போட்டு, கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தது. எதற்கோ காத்திருப்பவள் போல. அவர் மேலே பார்த்தார். நிலவடுக்கு மெல்லச் சாய்ந்தது. சாய்ந்துகொண்டே இருந்தது. பிறகு அத்தனை தட்டும் அவர் மேல் இறங்கியது, மழை மாதிரி, சரம் சரமாய், தொப்பி நசுங்கி, தலை தோளுக்குள் போய், அவர் ஒரு காசளவுக்குத் தட்டையாகித் தரையோடு கிடந்தார். வலிக்கவே இல்லை. மேலே எங்கேயோ ஒருத்தி சிரித்தாள். தன் வீட்டுச் சுவருக்குள் அவர் ஒரு நாளும் கேட்டிராத சிரிப்பு.

விளக்கு வந்தது. ரெஜினா பட்டையை அவிழ்த்துவிட்டு, என்ன வந்தது என்று கேட்டாள்.

“கரிச்சட்டி இல்ல” என்றார்.

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. பக்கத்து மெத்தையில் வெயிலுகந்தாள் படுத்தபடியே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மிஷினு கோளாறு” என்றார். “என் நெறத்தப் பாரு. இந்த மூஞ்சியப் பாத்து எவனாச்சும் வெள்ளைத் தொப்பின்னு...” சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டோம் என்பது தெரிந்தது. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“கோளாறு இல்லங்க” என்றாள் வெயிலுகந்தாள். அவள் குரலில் கோபம் இல்லை, ஒன்றும் இல்லை. “மொத நாளுலேருந்து அந்தத் தொப்பிக்குக் கீழ உங்க மூஞ்சிதான். டாக்டரம்மாவும் மேனேஜரும் எங்கயோ ஓரத்துல நின்னாவ. எனக்கு எறிஞ்சது நீங்கதான். இன்னைக்குத்தான் நெசமா வந்திய.”

ரெஜினா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“அப்படீன்னா எதுக்குட்டி வாரா வாரம் வந்த?”

“கடைசித் தட்டுக்குத்தான்.”

பிறகு அவள் ரெஜினாவிடம் சொன்னாள், சொன்னது சொன்னபடி, பழைய படத்தை வைத்துவிடு பிள்ளை, இப்போதே இன்னொரு தரம் போடு. பட்டையைத் தானே எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள்.

பிச்சைக்கனி வெளியே வந்தார். வெயில் வெள்ளையாய் அடித்தது. வேப்பமரத்தடியில் நிற்கவில்லை, நேரே நடந்தார். வாசலில் சாத்தியிருந்த அவளுடைய கம்பைக் கை தானாய் எடுத்து வந்ததைக் கவனிக்கவில்லை. கண் இல்லாத மிஷினாம். கண் இல்லை என்றால் அவர் மூஞ்சி அதற்கு எப்படித் தெரிந்தது? தட்டை எறியாத ஆம்பிளை இந்த ஊரில் எவன் இருக்கிறான், அவனையெல்லாம் படுக்கவைத்துப் பார்க்க வேண்டியதுதானே. பெண்பிள்ளைகள் ரெண்டு பேரும் கூட்டுச் சேர்ந்து ஏதோ பண்ணிவிட்டார்கள். படித்தவள் சொல்லிக்கொடுக்கிறாள், இவள் ஒப்பிக்கிறாள்.

முக்குக் கடையில் எச்சில் தட்டுகளைக் கழுவப் போட்டார்கள். சில்வர் தட்டுகள் கும்பலாய்த் தொட்டியில் விழுந்த சத்தம் தெரு முழுக்கக் கேட்டது.

அவர் குனிந்திருந்தார். வலது கையில் கம்பு. இடது கை தலைக்கு மேல்.

கடைக்காரன் என்ன அண்ணாச்சி என்று கேட்டான். அவர் நிமிர்ந்து, தலையில் இருந்த கையால் அப்படியே துண்டைச் சரிசெய்துகொண்டார்.

“பாத்தியா” என்றார். “நான் அன்னைக்கே சொன்னேன்லா. இது எல்லாம் அந்த மிஷினு பண்ணுத வேலைதான்.”

சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.